அரைச் சாண் நல்ல தண்ணீர்

நிலாவுக்குப் பின்புறம் கொண்டுபோய் இறக்கப் போகிற ஒரு கருவிக்காக என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கேட்டவள் ஷாலினி. எங்களிடம் ஆராய்ச்சி மாணவியாக வந்த நாளில் ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று தெரியாமல் நின்றவள். இன்று அந்தக் குழுவுக்கே தலைவி. போன வாரம் போன் செய்து, "அண்ணா, புதுசா வந்திருக்கிறவங்களுக்குக் குடுக்க நீங்க ஏதாவது எழுதித் தாங்க. களத்துல வேலை செஞ்சவங்க எழுதினது எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல" என்றாள். அங்கே உப்புத் தண்ணீர் கிடையாது, வரப்பு கிடையாது, போல்ட் துருப்பிடிக்கக் காற்றுகூடக் கிடையாது, நான் என்னத்தை எழுதுவது என்று கேட்டேன். அந்தக் குளத்துக் கதையை எழுதச் சொன்னாள். அவளுக்கு அதில் பாதிதான் தெரியும். மீதியை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்து, அன்று எங்கள் குழுவுக்குத் தலைவியாக இருந்த விஞ்ஞானி நிர்மலா மேடத்திடமும் போனில் அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஏழுமலை. மரக்காணத்தில் உப்பு வாரிய குடும்பம். திண்டிவனத்தில் ஃபிட்டர் படிப்பு முடித்து, பெங்களூரில் ஒரு வானியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பட்டறையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் ஐந்து வருடம் அலுமினியத் தகடு வெட்டினேன், அடுத்த ஐந்து வருடம் வெட்டியதை ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் நான் வெட்டி ஒட்டுவதெல்லாம் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்டது நிர்மலா மேடத்திடம். மற்றவர்களாக இருந்தால் "அது உங்களுக்குப் புரியாதுப்பா" என்றிருப்பார்கள். மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் சொன்னார். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். கண்ணாடி பெரிதாக இருந்தால் வானத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெளிச்சம் நம்மிடம் வந்து சேர நேரம் பிடிக்கிறது. ஆகையால் எவ்வளவு தள்ளிப் பார்க்கிறோமோ அவ்வளவு பழையதைப் பார்க்கிறோம். தள்ளிப் போகப் போக, நட்சத்திரங்களே இன்னும் பிறக்காத காலம் வந்துவிடுகிறது. அங்கே ஹைட்ரஜன் வாயு மட்டும் இருட்டில் கிடக்கிறது. அதற்கும் பின்னால் மங்கலான சுவர் போல ஒன்று. அதைத் தாண்டி எந்த வெளிச்சமும் வராது. மேடத்துக்கு வேண்டியிருந்தது அந்த இருட்டு முடிந்த இடம். முதல் நட்சத்திரங்கள் மூண்டபோது, வானம் முழுக்க நிறைந்திருக்கும் ரேடியோ இரைச்சலில் ஒரு துளியை அந்த வாயு விழுங்கியிருக்கும். வரைபடத்தில் அது ஒரு சின்னப் பள்ளமாகத் தெரியவேண்டும். அந்தப் பள்ளத்தைத் தேடித்தான் அவர் தன் தலைமுடியை நரைக்க வைத்துக்கொண்டார், கூடவே என்னுடையதையும்.

மேடம் அதிர்ந்து பேசமாட்டார். எதையும் பென்சிலால்தான் எழுதுவார். ஒரு நல்ல முடிவு வந்தால் முகம் மலர்வதற்குப் பதிலாக நெற்றி சுருங்கும். அன்று மாலை டீ வருவதற்கு முன்னால் எல்லோரையும் வட்டமாக உட்காரவைப்பார். ஆளுக்கொரு குறை சொல்லவேண்டும். இந்த முடிவு ஏன் தப்பாக இருக்கலாம் என்று டாக்டர் பட்டம் வாங்கினவரும் சொல்லவேண்டும், நானும் சொல்லவேண்டும், ஜீப் ஓட்டுகிறவரும் சொல்லவேண்டும். சொல்லி முடித்ததும் "வேற என்ன?" என்பார். அதற்குப் பதில் இல்லாமல் போகும் வரைக்கும் டீ கிடையாது. ஒருமுறை டிரைவர் டீக்கு அவசரப்பட்டு, "ஜீப்ல ஒரு கடிகாரம் இருக்குது மேடம், அதுவா இருக்கும்" என்றார். போய்ப் பார்த்தால் அதுவேதான், அதன் மின் இரைச்சல் கருவிக்குள் புகுந்திருந்தது. அன்று முதல் டிரைவருக்கு எங்களைவிட மரியாதை அதிகம்.

ஒவ்வொரு நாளும் மாலையில் அவர் கணவருக்குப் போன் செய்வார். சுந்தரம் சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஞ்ஞானம் தெரியாது, அதைப் பற்றி வெட்கமும் கிடையாது. எடுத்த எடுப்பில் "கிடைச்சுதா?" என்று கேட்பார். மேடம் "இல்லை. நாளைக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதெல்லாம். நான் பக்கத்தில் நின்று கேட்டு, எனக்கே அது பழக்கமாகிவிட்டது. ஒருநாள் போன் கிடைக்காமல் போனால் எனக்கு ஏதோ குறைவது போல் இருக்கும்.

எங்களுக்குப் பகை வானம் அல்ல, தரைதான். கூம்பு வடிவத்தில் ஆளுயர ஆன்டெனா ஒன்று செய்திருந்தோம். அதை எந்தத் தரையில் வைத்தாலும், மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறையும் ஈரமும் வானத்து இரைச்சலைத் திருப்பி அனுப்பி, வரைபடத்தில் மேடு பள்ளம் உண்டாக்கின. பாலைவனம் போனோம், மலை மேல் ஏரிக்குப் போனோம். சலித்துப்போய் ஒருநாள் மேடம், "உலோகம் மாதிரி மின்சாரம் கடத்துற தரை வேணும், ஆனா தட்டையா இருக்கணும், பெருசா இருக்கணும். அப்படி எங்க இருக்கு?" என்றார். "எங்க ஊர்ல உப்புத் தண்ணி இருக்குது மேடம்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே அதிகப் பெருமை தந்த வாக்கியம் அது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கடலைவிடக் கனமான உப்புநீர் இரண்டடி ஆழம் இருந்தால் போதும், அந்த ரேடியோ அலைகள் அடிமண்ணைத் தொடாது. உப்பளத்தில், கடல்நீர் ஏறும் உப்பங்கழியிலிருந்து இறைத்த நீரை முதலில் தேக்கிவைக்க உயரமான கரை போட்ட பெரிய குளங்கள் உண்டு. அதில் கிடந்து கனத்த பிறகுதான் நீர் பாத்திக்குப் போகும். காதர் பாய் குத்தகைக்கு எடுத்திருந்த அப்படி ஒரு குளம், மரக்காணத்திலிருந்து உள்ளே தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலை இரைச்சல் எட்டாத இடத்தில் கிடைத்தது. பாண்டிச்சேரி ரேடியோவின் பாட்டு அங்கேயும் எட்டத்தான் செய்தது. ஆனால் எங்களுக்கு வேண்டியது அதற்குக் கீழே இருந்த அலைவரிசை, பாட்டை அடைக்கத் தனி வடிகட்டி செய்து வைத்தோம். விஷயத்தைக் கேட்ட காதர் பாய், "நம்ம தண்ணில அல்லாவோட முதல் வெளக்கு தெரியும்னா எடுத்துக்கோங்க தம்பி, நல்ல காரியம்" என்றார்.

மிதவையைப் பக்கத்து மீனவ ஊரான அனுமந்தையில் செய்தோம். மீன்பிடிப் படகுக்குள் அடைக்கிற அதே நுரைக்கட்டைகள், நைலான் கயிறு. உலோகம் இருந்தால் அளவு கெடும் என்பதால் ஓர் ஆணி இல்லை, ஒரு கம்பி இல்லை. கட்டிக் கொடுத்த மீனவர், ஆணியில்லாமல் கட்டச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்று ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தார். குளத்தின் நடுவில் ஆன்டெனாவைத் தாங்கி அது மிதந்தது. கரையிலிருந்து கயிற்றால்தான் இழுக்கவேண்டும். வேலை நடக்கும் நாட்களில் யாரும் குளத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை. சேறு கலங்கினால் எது எதனால் என்று தெரியாமல் போகும். கைப்பேசிகள் எல்லாம் சாலையோர டீக்கடையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள். கருவி இரவெல்லாம் தானாக எழுதும், காலையில் நாங்கள் போய் எடுத்துக்கொள்வோம்.

என் பொறுப்பில் ஒரு நோட்டு இருந்தது. தினமும் காலையில் மூன்று விஷயம். குளத்து நடுவில் நட்ட கோலில் சிவப்புக் குறி போட்டிருந்தோம், நீர் அந்தக் குறியில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். நீள மூங்கிலில் கட்டிய புட்டியைத் தரை வரைக்கும் இறக்கி நீர் எடுத்து, கனம் காட்டும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி என்று எழுதவேண்டும். கடைசியாக, குளத்தில் வேறு ஏதாவது செய்திருந்தால் அதையும். மூன்றாவது கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் பாத்திகளில் வேலை செய்தவர்களில் அஞ்சலை என் சித்தப்பா மகள். கண்ணாடி போட்டு நோட்டுப் புத்தகம் வைத்திருந்ததால் மேடம் அவளுக்கு டீச்சர். ஒருநாள் மேடம் வரப்பில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே அவளுக்கு முதல் நட்சத்திரங்களைப் பற்றிச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அஞ்சலை, "அதுக்கும் அந்தாண்ட என்ன இருக்குது டீச்சர்?" என்றாள்.

"அங்கேருந்து வெளிச்சம் நம்மகிட்ட வந்து சேரலம்மா. இனிமே வருமான்னும் தெரியாது."

"அப்ப ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட முடியாது."

"முடியாது. இருக்குன்னும் சொல்ல முடியாது."

அஞ்சலை கொஞ்சம் யோசித்துவிட்டு, இதைத் தெரிந்துகொள்ளவா டீச்சர் இந்த வெயிலில் கருகுகிறீர்கள் என்று கேட்டாள். மேடம் சாதம் புரையேறச் சிரித்தார். அந்த வருடம் மார்ச் கடைசியில் மேடத்துக்குப் பணி ஓய்வு. சுந்தரம் சார் இதய நோயால் படுத்த படுக்கையாகி, பெங்களூரில் தங்கையின் பராமரிப்பில் இருந்தார். இதுதான் கடைசி முயற்சி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பொங்கலுக்குப் பிறகு உப்பங்கழியிலிருந்து நீர் இறைக்கும் இன்ஜின் பழுதாகிவிட்டது. மெக்கானிக் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். வெயில் காய்ந்து குளத்தில் நீர் இறங்கிக்கொண்டே வந்தது. சிவப்புக் குறிக்குக் கீழே அரைச் சாண் போய்விட்டது. நீர் குறைந்தால் கனக்கும், கனத்தால் உப்புப் பூக்கும், பூத்த உப்பு மிதவையில் படிந்து ஆன்டெனாவைச் சாய்க்கும். இது படித்துத் தெரிந்ததல்ல, என் தோலுக்கே தெரியும். குளத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றிருந்தது. கனத்த நீரை இளக்க நல்ல தண்ணீர் விடுவது எங்கள் வீட்டில் பார்த்த வேலை. சின்ன மோட்டார் ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன்.

தண்ணீர் விடுவதிலும் எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. குழாயை நேராகக் குளத்தில் விட்டால் அடிச்சேறு கிளம்பிவிடும். தென்னங்கீற்றை முடைந்து, தண்ணீர் விழும் இடத்தில் பாய் போல விரித்துப் போடுவோம். தண்ணீர் கீற்றின் மேல் விழுந்து, சத்தமில்லாமல் விரிந்து போகும். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி என்று என் அப்பா சொல்வார். நான் நாலு கீற்று விரித்தேன். இரண்டு நாளில் நீர் குறிக்கு வந்தது. பிறகு தினமும் காய்ந்த அளவுக்குக் கொஞ்சம் விட்டு, குறி மாறாமல் பார்த்துக்கொண்டேன். நோட்டில் மூன்றாவது கட்டத்தில் 'தண்ணீர் குறி வரை நிரப்பப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை; படித்தவர்கள் உப்புநீர் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு மூன்றாம் நாள் வரைபடத்தில் பள்ளம் தெரிந்தது.

மேடம் எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அன்று மாலை வட்டமாக உட்கார்ந்தோம். ஷாலினி கணினி நிரலைக் குறை சொன்னாள், டிரைவர் வேறொரு கடிகாரத்தைக் குறை சொன்னார். கேபிள் இணைப்பில் உப்புப் பூத்திருக்கலாம் என்றேன். எல்லாவற்றையும் சரிபார்த்தோம். இணைப்பை நானே கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுநாளும் பள்ளம் அங்கேயே இருந்தது, அதற்கு மறுநாளும். பன்னிரண்டு நாள் இம்மி நகரவில்லை. மேடத்தை நம்பவைத்ததே அதுதான். பழுது என்றால் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. இது மலை போல நின்றது. புதன்கிழமை மாலை "வேற என்ன?" என்று கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை. அதற்கு முன் அப்படி ஆனதே கிடையாது. மேடம் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டீ கொண்டுவரச் சொன்னார். சனிக்கிழமை கட்டுரையை அனுப்புவது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை மதியம் மிதவைக் கயிறு கோலில் சிக்கிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. மேடமும் ஷாலினியும் சாப்பிடப் போயிருந்தார்கள். தேவையான அளவுகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது, இனி கால் வைத்தால் தப்பில்லை என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முழங்காலில் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. பாதம் சுட்டது.

உப்பளத்தில் பிறந்தவனுக்கு வேறு ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. குளத்து நீர் என்றால் மேலே சுடும், அடியில் குளிரும். அடி சுட்டு மேலே குளிர்ந்தால், உப்புநீரின் மேல் நல்ல தண்ணீர் கலக்காமல் படுத்திருக்கிறது என்று அர்த்தம். வெயிலின் சூடு அடியில் போய் மாட்டிக்கொண்டு வெளியே வரமுடியாமல் கிடக்கும். பெருமழைக்குப் பிறகு சின்ன வயதில் எத்தனையோ முறை பாதம் வெந்திருக்கிறது. நான் கீற்று விரித்து மெதுவாக விட்ட தண்ணீர், அரைச் சாண் தடிமனில் மேலே தனியாகப் படுத்திருந்தது. முரட்டுத்தனமாக விட்டிருந்தால் அன்றே கலந்திருக்கும். தினமும் குறி வரைக்கும் நிரப்பியதால் அதன் தடிமனும் மாறவில்லை. முன்பு அடிமண்ணின் பாறையும் ஈரமும் செய்ததையே இந்த அடுக்கும் செய்திருக்கிறது. எங்கள் பள்ளம் மலை போல நின்றதற்கு நான்தான் காரணம்.

கயிற்றை விட்டுவிட்டுக் கரையேறினேன். புட்டியில் மேல்நீரை எடுத்துக் கண்ணாடிக் குழாயை விட்டேன். மூழ்கிப் போய் அடியில் தட்டியது. அடிநீரில் விட்டேன்; துள்ளிக்கொண்டு மேலே நின்றது. இவ்வளவு நாளும் அடிநீரை மட்டுமே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காகிதத்தில் இரண்டையும் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நேரம் மூன்று மணி. மேடம் வந்தார். கயிறு எடுத்தாயிற்றா என்று கேட்டார். நாளைக்கு எடுக்கிறேன் என்றேன்.

சரியாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன் என இங்கே எழுதலாம். அது பொய். எனக்குத் தெரிந்துபோயிற்று. பயந்தேன். என் ஊர், என் தண்ணீர், என் கை. ஒரு மனுஷியின் வாழ்நாளை நான் கீற்றுப் பாய் போட்டுக் கெடுத்துவைத்திருந்தேன். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

மாலை டீக்கடைக்குப் போனோம். மேடம் பிஸ்கட் டின்னைத் திறந்து தன் போனை எடுத்தார். நான் எதிர் பெஞ்சில் டீ கிளாசோடு உட்கார்ந்திருந்தேன். சார் வழக்கம்போல் கேட்டிருக்கவேண்டும். மேடம் சின்னப் பெண் மாதிரி, "கிடைச்சுதுங்க" என்றார். சந்தேகத்தோடு ஒரு 'இருக்கலாம்'கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சார் என்ன சொன்னாரோ, மேடம் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். நான் டீயைக் குடிக்காமலே கிளாசைத் திருப்பிக் கொடுத்தேன்.

விடிந்ததும் மேடம் தங்கியிருந்த விடுதி வாசலில் போய் நின்றேன். பல் துலக்கிவிட்டு வெளியே வந்தவரிடம் காகிதத்தை நீட்டினேன். "மேடம், நான் ஒரு குறை சொல்லணும்" என்றேன். படித்தார். எந்தத் தண்ணீர் விட்டேன், எப்படி விட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். குளத்தில் புடவையைச் செருகிக்கொண்டு, நான் தடுப்பதற்குள் இறங்கிவிட்டார். நடுவரைக்கும் போய் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"பாதம் சுடுது ஏழுமலை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆச்சரியமாகச் சொன்னார், ஒரு குழந்தை எதையோ கண்டுபிடித்துவிட்டுச் சொல்வதுபோல. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் கரையேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டார். நல்ல தண்ணீரின் அந்தத் தடிமனுக்கு எந்த ரேடியோ அலை சிக்கும் என்று பார்த்திருக்கிறார். பள்ளம் இருந்த இடத்திலேயே விடை வந்தது. ஆனால் மேடம் கணக்கை மட்டும் நம்புகிறவர் அல்ல. கலக்கிப் பார்த்துவிடலாம் என்றார்.

காதர் பாய் அன்றைக்குப் பாத்தி வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பினார். அஞ்சலையோடு பத்துப் பதினைந்து பெண்கள், உப்பு வாரும் பலகைகளோடு குளத்தில் இறங்கினார்கள். இறங்கிய உடனே அஞ்சலை காலைத் தூக்கிக்கொண்டு, "யாருப்பா இது, மழைத் தண்ணிய மேல படுக்க வச்சது?" என்று கத்தினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நாளாக டாக்டர் பட்டங்கள் வட்டமாக உட்கார்ந்து தேடிய குறையை அவள் ஒரு காலைவைத்துச் சொல்லிவிட்டாள். இரண்டு மணி நேரம் பலகையால் தள்ளியும் மிதித்தும் கலக்கினார்கள். மேடமும் ஒரு பலகையை வாங்கிக்கொண்டு கூடவே தள்ளினார்.

கலங்கிய சேறு அடங்க ஒருநாள் விட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை வரைபடம் வந்தது. பள்ளம் இல்லை. மேடம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விரலால் மெதுவாகத் தடவினார். ஷாலினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நல்லாக் கலக்கியிருக்காங்க" என்றார் மேடம். பிறகு எனக்கு நோட்டைக் கொடுத்து, விட்டுப்போன வார்த்தைகளை என் கையாலேயே எழுதச் சொன்னார். தண்ணீர் விட்டதாக இருந்த எல்லா இடத்திலும் 'நல்ல தண்ணீர், கீற்றின் மேல், மெதுவாக' என்று எழுதினேன். அனுப்ப இருந்த கட்டுரையைக் கிழித்தார். நாங்கள் பார்த்த அலைவரிசையில் இவ்வளவு ஆழமான பள்ளம் எதுவும் இல்லை என்று வேறொரு கட்டுரை எழுதினார். மார்ச் கடைசியில், பூச்செண்டையும் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார். அடுத்த மாதம் சுந்தரம் சார் இறந்துபோனார். துக்கத்துக்குப் போயிருந்தேன். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஒருநாள் மறைத்து வைத்ததைத் தவிர, இதுவரைக்கும் ஷாலினிக்குத் தெரியும். அவள் புதியவர்களுக்குச் சொல்ல நினைப்பதும் இதுதான். எந்தத் தண்ணீர் என்று எழுதுங்கள். நீங்கள் ஒழுங்காகச் செய்த வேலையையும் எழுதுங்கள், ஏனென்றால் நான் கெடுத்தது ஒழுங்காகச் செய்த வேலையால்தான். நிலாவுக்குப் பின்னால் தண்ணீர் இல்லாவிட்டாலும் உங்கள் கைப்பழக்கம் கூடவே வரும்.

மீதிக் கதை இந்த வருடப் பொங்கலுக்கு நடந்தது. நானும் ஓய்வு பெற்று மரக்காணத்துக்கே வந்துவிட்டேன். குளத்தைப் பார்க்கவேண்டும் என்று மேடம் பாண்டிச்சேரி பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். முட்டி வலி. ஆனாலும் கரைவரைக்கும் நடந்தார். குளத்தில் சாதாரண உப்புநீர் நின்றது. திரும்பி வந்து அதே டீக்கடையில் உட்கார்ந்தோம். அத்தனை வருடமாகச் சொல்லாததை அன்று சொன்னேன்.

"மேடம், எனக்கு வியாழக்கிழமையே தெரியும். வெள்ளிக்கிழமைதான் சொன்னேன்."

"தெரியும்" என்றார். "காகிதத்துல வியாழன், மூணு மணின்னு எழுதியிருந்தீங்களே."

நான் எழுதியதே எனக்கு நினைவில்லை. பழக்க தோஷத்தில் கை எழுதியிருக்கிறது. அத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்க மூணு மணிக்கே சொல்லியிருந்தா, அன்னிக்குச் சாயங்காலமும் அவர்கிட்ட 'இல்லை, நாளைக்கு'ன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "நான் கிடைச்சுதுன்னு சொன்னேன். வீட்டுக்கு வந்த டாக்டர்கிட்ட, பால்காரர்கிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னாராம். எம் பொண்டாட்டி மொதல் நட்சத்திரம் எரிஞ்சதைப் பார்த்துட்டான்னு. நான் போய்ச் சேர்ந்ததும் என் கையப் பிடிச்சுகிட்டு, எப்படி இருந்துது சொல்லுன்னார். திருத்திச் சொல்லிடணும்னு ரெண்டு தடவை வாயெடுத்தேன். சொல்லலை ஏழுமலை. அவர் போறவரைக்கும் சொல்லவே இல்லை."

சாலையில் சென்னை பஸ் ஒன்று போயிற்று. மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"வேலையில ஒரு தப்பைக்கூட நான் திருத்தாம விட்டதில்லை. இது ஒண்ணை விட்டேன். நீங்கதான் நல்லாக் குறை சொல்றவராச்சே. இதுல ஒரு குறை சொல்லுங்க, பார்ப்போம்."

உண்மையாகவே தேடினேன். அவர் எதிரில் சும்மா ஒரு பதில் சொல்ல என்னால் முடியாது. டீ ஆறி ஆடை கட்டும் வரைக்கும், எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"கிடைச்சுதா?" என்றார் மேடம்.

"இல்லை மேடம்" என்றேன்.